பாதிப் பாட்டு

மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழை இதோ அதோ என்று போக்குக் காட்டிவிட்டு, மதியத்துக்குமேல் நாலு தூறல் போட்டுத் தெருப் புழுதியின் வாசனையைக் கிளப்பியதோடு தன் கடமை முடிந்ததென்று ஒதுங்கிக்கொண்டது. புழுக்கம் மட்டும் அப்படியே நின்றது. அந்தப் புழுக்கத்தில், குடும்ப நல அலுவலகத்தின் இரண்டாம் மாடிப் படிக்கட்டில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்காரக் கூடாத இடம் அது. பிரிந்து வாழும் பெற்றோரில் குழந்தையைச் சந்திப்பு அறையில் விட்டவர், மற்றவர் வருமுன் கட்டடத்தை விட்டே வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. அவளும் சனிக்கிழமைதோறும் முறையாகக் கீழே இறங்கினாள். வாசல் வரை போனாள். எதிர்க்கடை ஓரமாய்ச் சற்று நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் படி வழியே திரும்ப மேலே வந்தாள். லிஃப்ட் பழுது பார்ப்பவனான அவள் கணவன் படியில் கால் வைக்கமாட்டான் என்பது, அவனோடு குடித்தனம் செய்த ஆண்டுகளில் அவள் சம்பாதித்த உறுதியான அறிவுகளுள் ஒன்று. உறுதியானவை அதிகம் இல்லை.

படிக்கட்டைப் பார்த்த சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, சந்திப்பு அறையின் காற்றுத் துளை இருந்தது. அறைக்குள் மூலையில் நிற்கும் குடிதண்ணீர் இயந்திரத்தின் உறுமலும், கண்காணிப்பு அலுவலரின் நாற்காலி நெறிபடும் ஓசையும் அதன் வழியே பிசகாமல் வந்து விழும். அந்த அலுவலருக்குச் சிட்டு வைத்த பெயர் கடிகார மேடம். சிட்டு அவளுடைய ஐந்து வயது மகள். வாய் ஓயாமல் கீச்சிட்டதால் பிறந்தபோது வைத்த பெயர் மறைந்து, அதுவே பள்ளிக்கூடம் வரை நிலைத்துவிட்டது.

"இன்னிக்குப் பாத்துட்டு அறிக்கைய எழுதி அனுப்பிடுவேன்," என்று கடிகார மேடம் சற்றுமுன் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார். "கொழந்த அப்பாவோட நல்லா ஒட்டிக்கிச்சுன்னா, அடுத்த மாசத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை அவரு வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாம். நாங்க யாரும் கூட இருக்க மாட்டோம். உங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லையே?"

"நீங்க பாத்து எழுதுங்க மேடம்," என்று அவள் சொன்னாள். குரல் பிசிறவில்லை. பிசிறாத குரலுக்குத்தான் அவளுக்குச் சம்பளம். பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. ஊரே கேட்கும் குரல். வீட்டுக்கு வந்தால் பேசவே தோன்றாத அளவுக்குத் தேய்ந்துபோன குரல்.

அவன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போவது. யாரும் கூட இல்லாமல். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் அவளுக்கு ஒரு மொட்டை மாடி கண்முன் வந்து நின்றது. சிட்டுக்கு மூன்று வயதானபோது, அவளுக்கு வேலை இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைத் தன்னோடு வேலைக்கு அழைத்துப் போனான் அவன். உயரமான ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மகளை உட்காரவைத்து, அந்த மோட்டார் ஓடும் உறுமலையே சுருதியாக வைத்துக்கொண்டு இருவரும் பாடிக்கொண்டிருந்தார்களாம். பிறகு அவன் எதையோ சரிபார்க்கக் கீழே போனான். கதவைத் தாழிடவில்லை. ஓர் எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டே போன குழந்தை, கைப்பிடிச் சுவர்மேல் வயிறு படக் கவிழ்ந்து, அந்தப் பக்கம் இறங்கும் எறும்புகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காவலாளி ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். செய்தி வந்தபோது அவள் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தாள். வாயில் எந்த ஊர்ப் பேருந்தின் பெயர் வந்ததென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. "ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இவ்ளோ கத்துற?" என்று அவன் கேட்ட கேள்வி மட்டும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரே வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை.

சனிக்கிழமைச் சந்திப்புகள் தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே பாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு மாலை அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, சிட்டு ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, பல்லி மாதிரி அசையாமல் நின்றாள்.

"என்னடி பண்ற அங்க?"

"உஷ். இன்னும் ஆரம்பிக்கல."

சிறிது நேரத்தில் ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓடத் தொடங்கியது. குழந்தை அதோடு சேர்ந்து 'ம்' என்று இழுத்தாள், மேலே போனாள், கீழே வந்தாள், ஓரிடத்தில் அந்த உறுமலும் அவள் குரலும் ஒன்றாகக் கலந்து நின்றன. தாயின் கையில் கத்தி நின்றுவிட்டது. சுருதி சேர்வது என்று அதற்குப் பெயர் என்பதை அவள் அறிவாள். ஆனால் தன் வீட்டுச் சமையலறையில், இருபது தடவை பழுதுபார்த்த ஒரு பெட்டியோடு அது நடக்கும் என்று நினைத்ததில்லை. குழந்தை உடனே பாடவில்லை. முதலில் சும்மா தலையை ஆட்டினாள். பிறகு,

"யாரு உள்ள, யாரு உள்ள? எறும்பு உள்ள!"

என்று பாடி நிறுத்தினாள். மறுபடி தலையாட்டல். உதடு அசையவில்லை, கண் மட்டும் எதிரே யாரோ இருப்பதுபோல் மேலே பார்த்தது. சரியாக ஒரு வரியின் நீளத்துக்கு மௌனம். பிறகு,

"சீனி இருக்கும் மாடி, அந்தச் சீனி இருக்கும் மாடி!"

மறுபடி மௌனம்.

"நடுவுல ஏன் நிறுத்துற? மறந்துட்டியா?"

"நான் நிறுத்தல. அப்பா பாடுறாரு."

"எங்க பாடுறாரு?"

"அவரு வீட்டுல."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்கும்தான் கேக்கல," என்றாள் சிட்டு, இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. "ஆனா பாடுவாரு."

அன்றிலிருந்து அந்த ஓட்டைப் பாட்டு வீடெங்கும் நடமாடியது. பதில்கள் மட்டும் இருந்தன. கேள்விகள் வேறொரு வீட்டில் இருந்தன. சீனி இருக்கும் மாடிக்குப் போவது யார், ஏன் போகிறார், காற்றைக் குடித்த யானை ஒன்று கடைசியில் வருகிறதே அது எங்கிருந்து வந்தது, எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதைவிட அந்த மௌனங்கள்தான் அவளை வதைத்தன. அவள் துணி மடிப்பாள், பாத்திரம் தேய்ப்பாள், மகளுக்குத் தலை பின்னுவாள். பின்னும் கைக்குக் கீழே அந்தச் சிறு தலை, இல்லாத ஒருவனுக்காகத் தாளம் தப்பாமல் ஆடும். சோறு அவள் போட்டாள். காய்ச்சலில் விடிய விடிய விழித்தவள் அவள். ஆனாலும் வீட்டின் நடுக்கூடத்தில், ஒரு நாற்காலியைக்கூட எடுத்துப் போகாமல் வெளியேறியவன், ஒவ்வொரு வரிக்கும் நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அந்த மௌனத்துக்குள் 'லல்லல்லா' என்று தன் குரலைப் போட்டுப் பார்த்தாள். குழந்தை பாட்டை நிறுத்தி, கோபமே இல்லாமல், பேருந்தில் முன்பதிவு செய்த இருக்கையில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்:

"அம்மா, அது அப்பாவோட இடம்."

அதற்குப் பின்புதான் அவள் படிக்கட்டில் வந்து உட்காரத் தொடங்கினாள்.

முதல் வாரம் பாதிதான் காதில் விழுந்தது. அடுத்த வாரம் முழுதும் கிடைத்தது. அவன் குரல் பாட்டுக்கு ஏற்ற குரலே இல்லை. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருக்கும். ஆனாலும் தண்ணீர் இயந்திரம் உறுமத் தொடங்கும்வரை காத்திருந்து, அதில் காலூன்றி அவன் எடுத்தான்:

"மேலே போகுது பெட்டி, மேலே போகுது!"

யாரு உள்ள, யாரு உள்ள, எறும்பு உள்ள, என்று சிட்டு.

"எந்த மாடி, எந்த மாடி, எறும்பு சார்?"

சீனி இருக்கும் மாடி. பிறகு பெட்டி கீழே வந்தது, அதில் யானை இருந்தது, "கம்பி தாங்குமா, கம்பி தாங்குமா, யானை சார்?" என்று அவன் கவலையோடு கேட்டான், காத்துக் குடிச்ச யானை, நானு காத்துக் குடிச்ச யானை, என்று குழந்தை தன் எடையின்மையை அறிவித்ததும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடிகார மேடத்தின் நாற்காலியும் சேர்ந்து சிரித்ததுபோல் நெறிந்தது. படியில் இருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எறும்பு என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். அந்த எறும்பை அவளுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரின் அந்தப் பக்கம் இறங்கிய எறும்பு அது. அவளுடைய வயிற்றில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும் அதை, இவன் லிஃப்டில் ஏற்றி, சார் போட்டுக் கூப்பிட்டு, பாட்டாக்கி விளையாடிக்கொண்டிருக்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரிகள் அவளை அறியாமலே மனப்பாடமாகிவிட்டன. வேலை நேரத்தில் ஒரு நாள், பக்கத்து அறையில் சீட்டுக் கொடுக்கும் அக்கா கண்ணாடியைத் தட்டினாள்.

"அடியே, மைக்க அமத்திட்டுப் பாடு. எறும்பு சார் எந்த மாடின்னு ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு. ரெண்டாவது நடைமேடையில ஒரு பெரியவரு, பஸ்ஸுல எறும்பு இருக்கான்னு என்கிட்ட வந்து விசாரிக்கறாரு."

அவள் அவசரமாகப் பொத்தானை அமுக்கினாள்.

"யாரு பாட்டு? அந்த லிஃப்ட்காரனோடதா?"

"அவன் பாட்டு எனக்கு எதுக்குக்கா?"

"எதுக்கோ. நல்லாத்தான் நெட்டுருப் போட்டு வெச்சிருக்க," என்று சொல்லிவிட்டு அக்கா சீட்டைக் கிழிக்கப் போய்விட்டாள்.

போன சனிக்கிழமை மாலையில்தான் அவள் அதைச் செய்தாள். செய்யவேண்டும் என்று திட்டமிடவில்லை என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஃபிரிட்ஜ் குலுங்கி ஓடத் தொடங்கியது. குழந்தை தலையாட்டத் தொடங்கினாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் பாடினாள்:

"மேலே போகுது பெட்டி, மேலே போகுது."

திரும்பிப் பார்த்தாள். சிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

படியில் ஒளிந்திருந்து கேட்டேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? வாய்க்கு முதலில் வந்தது வெளியே வந்துவிட்டது.

"உங்கப்பா குடுத்தாரு."

"எத?"

"அவரு வரிய. இனிமே இத அம்மா பாடட்டும்னு குடுத்துட்டாரு."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

குழந்தை அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பதுபோல் சிறிது நேரம் யோசித்தாள். அவள் வகுப்பில் பென்சில், ரப்பர், பாசிமணி எல்லாம் கைமாறும்; கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டப்படி இதில் குறையொன்றும் தெரியவில்லை போலும். "சரி, முதல்லேர்ந்து பாடு," என்றாள்.

தாய் பாடினாள். மகள் பதில் சொன்னாள். இரண்டாம் வரியிலேயே சிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ பஸ்ஸு மாதிரி பாடுறம்மா."

உண்மைதான். 'எந்த மாடி, எந்த மாடி' என்பது அவள் வாயில் 'எந்த நடைமேடை' என்பதுபோலத்தான் வந்தது. அடுத்த தடவை வேண்டுமென்றே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, எறும்பு சார்," என்று தொடங்க, குழந்தை தரையில் உருண்டாள். அந்த வாரம் முழுவதும் அவர்கள் பாடினார்கள். ஃபிரிட்ஜின் இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது. நடுவே ஒரே உறுமல். மோட்டார் எப்போது ஓடும் என்று காத்திருக்கும் நேரத்தில் சிட்டு அதுவரை சொல்லாதவற்றையெல்லாம் சொன்னாள். பள்ளியில் பக்கத்தில் உட்காருபவன் கடிக்கிறான் என்றாள். இருட்டில் அலமாரிக் கதவு தன்னைப் பார்க்கிறது என்றாள். கேட்டுக் கேட்டு அலுத்தபோது வராத செய்திகள், கேட்காதபோது தாமாக வந்தன. படுத்தபின் தாயின் வயிற்றில் காதை வைத்து, "உள்ள மோட்டார் ஓடுது," என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். தேய்ந்த குரலுக்குள் இவ்வளவு மிச்சம் இருந்ததா என்று அவள் இருட்டில் வியந்தாள். இது தன்னுடையது, எப்போதும் தன்னுடையதாகவே இருந்திருக்க வேண்டியது, வழிதவறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தாள். எங்கிருந்து எடுத்தது என்பதை நினைக்காமலிருக்க ஓரளவு பழகிக்கொண்டாள்.

இப்போது காற்றுத் துளை வழியே கதவு திறக்கும் ஓசை வந்தது. வழக்கம்போல் பிந்தித்தான் வந்தான். "கொஞ்சம் லேட் ஆயிடுச்சு மேடம்," என்றான். "கொஞ்சம்தானே சார், வாங்க," என்றார் மேடம். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. அவன் தரையில் உட்காரும்போது இடுப்பிலிருந்த கருவிப் பை தரையில் இடித்தது. தண்ணீர் இயந்திரம் சும்மா இருந்தது. அவர்கள் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். உறுமல் தொடங்கியது.

"மேலே போகுது பெட்டி..."

"அப்பா, நீ பாடக்கூடாது."

"ஏன்டா குட்டி?"

"அது அம்மாவோடது. நீதான் குடுத்துட்டியே."

படியில் இருந்தவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். இது வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஒரு வாரமாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். அவன் சொல்லவேண்டியது ஒரே சொல். 'நான் குடுக்கலையே' என்றால் போதும். பாட்டு அவன் கைக்குத் திரும்பிவிடும். அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள். கடிகார மேடத்தின் பேனா அதை எழுதிக்கொள்ளும். இயந்திரம் மட்டும் உறுமியது.

"ஆமா," என்றான் அவன். "குடுத்துட்டேன். மறந்தே போயிட்டேன் பாரு."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்." சற்றுப் பொறுத்து, "அம்மா நல்லா பாடுறாங்களா?"

"பஸ்ஸு மாதிரி பாடுவாங்க. ஆனா பரவால்ல."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்ற லிஃப்ட் போல நின்றுவிட்டது.

அவளுக்கு நன்றி தோன்றவில்லை. முதலில் வந்தது வெறுப்புதான். கொடுத்துவிடுவது அவனுக்கு எப்போதும் சுலபம். வீட்டைக் கொடுத்தான், சண்டையில் தன் பக்கத்தை விட்டுக் கொடுத்தான், மொட்டை மாடியில் ஒரு பிஞ்சுக் கையை விட்டான். இறுகப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவனின் விட்டுக்கொடுத்தலுக்குப் பெயர் பெருந்தன்மையா என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டபோதே, அவனைக் கேட்காமலே வரிகளை எடுத்துக்கொண்டவளுக்கு என்ன பெயர் என்ற கேள்வி பின்னாலேயே வந்து நின்றது. அதற்கு அவள் முகம் கொடுக்கவில்லை.

"வேற ஏதாவது பாடலாமே சார்," என்றது மேடத்தின் குரல்.

"வேற பாட்டு எனக்குத் தெரியாது மேடம். இதையே ரெண்டு பேருமாத்தான் உருட்டி எடுத்தோம்."

மரக்கட்டைகளை அடுக்கும் ஓசை. சரியும் ஓசை. மறுபடி அடுக்கும் ஓசை. பிறகு கருவிப் பை எழுந்தது.

"இன்னும் நேரம் இருக்கே சார்."

"ஒரு எடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சாம் மேடம். உள்ள ஆளு மாட்டியிருக்காங்க."

அவன் கைப்பேசி ஒலிக்கவே இல்லை என்பது படியில் இருந்தவளுக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரிந்திருக்கும். அப்போது குழந்தை எதையோ மிகத் தணிந்த குரலில் சொன்னாள். துளை வழியே எட்டவில்லை. "வேணாம்டா. நீயே வெச்சுக்கோ," என்றான் அவன். மறுபடி அந்தக் கிசுகிசுப்பு, இம்முறை சற்றே பிடிவாதமாய். "சரி. சரி. பத்திரமா வெச்சுக்கறேன்." பாசிமணியோ ரப்பரோ கொடுத்திருப்பாள் என்று தாய் எண்ணிக்கொண்டாள்.

அவன் லிஃப்டுக்குப் போகவில்லை. படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறந்தான். அவள் எழுவதற்குள் அவன் முன்னால் வந்துவிட்டான். அவளைப் பார்த்ததும் அவன் திடுக்கிடவில்லை. அவள் அங்கேதான் இருப்பாள் என்று எப்போதிருந்தோ தெரிந்தவன்போல், கருவிப் பை அவள் தோளில் இடிக்காதபடி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாய் இறங்கினான். கிரீஸ் வாடை அவளைக் கடந்தது. திருப்பத்தில் நின்றான்.

"கீழே வருதுன்னு பாடுறப்போ கொஞ்சம் மெதுவா எடு," என்றான், அவளைப் பார்க்காமல். "அங்க அவ மூச்சு வாங்குவா."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

தெரியாது. அவன் ஒவ்வொரு படியாக இறங்கும் ஓசை, தரைத்தளம் வரை கேட்டுக்கொண்டிருந்தது.

நேரம் வந்ததும் வாசல் வரை இறங்கிப்போய், அப்போதுதான் தெருவிலிருந்து வருபவள்போல் லிஃப்டில் ஏறி வந்து, அறை வாசலில் நின்றாள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னிக்கு அவரு சீக்கிரமே கெளம்பிட்டாரும்மா. போன வாரம் வரைக்கும் ரெண்டு பேரும் அப்பிடிப் பாடுவாங்க. இன்னிக்குப் பாட்டே இல்ல. நான் பாத்தத நான் எழுதித்தானே ஆகணும்."

"சரிங்க மேடம்."

"ஞாயித்துக்கிழமை விஷயம் இப்போதைக்கு நடக்காதுன்னுதான் தோணுது."

கேட்கவேண்டும் என்று அவள் தவமாய்த் தவமிருந்த வாக்கியம் அது. கேட்டாயிற்று. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. வழி நெடுகச் சிட்டு எதுவும் பேசவில்லை, கீச்சிடவில்லை, பேருந்து சன்னலில் மூக்கை ஒட்டவைத்து, தன் மூச்சு படிந்த இடத்தில் விரலால் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். களைப்பாக இருக்கும் என்று தாய் நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடும், ஃபிரிட்ஜ் இருக்கிறது.

வீட்டில் சிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றத் தொடங்கினாள். தாய் ஃபிரிட்ஜுக்கு இந்தப் பக்கம் காதை வைத்து நின்றாள். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. பெட்டி குலுங்கியது, ஓடத் தொடங்கியது. 'ம்' என்று இழுத்து, மகள் செய்வதுபோலவே தேடித் தேடி, அந்த உறுமலில் தன் குரலைச் சேர்த்தாள்.

"மேலே போகுது பெட்டி, மேலே போகுது."

ஒரு வரியின் நீளத்துக்கு மௌனம்.

"உன் வரி, சிட்டு."

"என்கிட்ட இல்லம்மா."

"மறந்துட்டியா?"

"இல்ல." குழந்தை வாரின் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பாவுக்குக் குடுத்துட்டேன். அவருகிட்டதான் ஒண்ணுமே இல்லையே."

உறுமல் தொடர்ந்தது. தன் வாயிலிருந்து வந்த குரலை அவளாலேயே அடையாளம் காணமுடியவில்லை.

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"அம்மா என்னோடத உனக்குத் தர்றேன். வாங்கிக்கறியா?"

"அது உனக்குக் குடுத்தது," என்றாள் சிட்டு. சட்டம் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுமை அந்தக் குரலில் இருந்தது. "நீ பாடும்மா. அவரு பாடுவாரு."

அவள் பாடினாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. எந்த மாடி, எந்த மாடி, எறும்பு சார் என்று கேட்டாள். பதில் வேறொரு வீட்டில் இருந்தது. கீழே வருது என்ற இடத்தில், மூச்சு வாங்க ஆளில்லாத இடத்தில், மறக்காமல் மெதுவாக எடுத்தாள். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அவள் நிறுத்தியபோது, தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை, ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்து, யாருக்கும் கேட்காத ஒரு குரலுக்குத் தாளம் தப்பாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கம்பி தாங்குமா, யானை சார், என்று கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சிறிய தலையும் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மாலை மணி ஆறு இருபத்து மூன்று.